திருத்தாத கட்டு

...வாசல் மிதியடியைக் கொண்டுபோன வெள்ளம், புது வாளியை, ஒற்றைச் செருப்பை, பின்கதவின் கீழ்ப்பாதியைக்கூட விட்டுவைக்காத வெள்ளம், கட்டிலுக்கடியில் கிடந்த அந்த ஒரு விடைத்தாள் கட்டை மட்டும் மரியாதையாக நனைத்து, மரியாதையாக அங்கேயே வைத்துவிட்டுப் போவானேன், என்று அறிவியல் வாத்தியார் குந்தி உட்கார்ந்து தரைச் சேற்றைத் தகரத் துண்டால் சுரண்டிக்கொண்டே யோசித்தார், சேறு என்றால் வெறும் மண்ணில்லை, எண்ணெய்ப் பிசுக்கோடு யார் வீட்டுச் சாக்கடையோ, ஒரு தள்ளு தள்ளினால் ஓரமாகப் போய்விட்டு மறுபடி வந்து காலைப் பிடிக்கிற சேறு, முட்டி உயரத்துக்குச் சுவரெல்லாம் பழுப்புக் கோடு, நல்ல நேர்க்கோடு, வகுப்பில் ஒருத்தனும் இவ்வளவு நேராகப் போட்டதில்லை, கோட்டுக்கு மேலேயும் ஒரு சாண் ஈரம், தண்ணீர் வடிந்து இரண்டு நாளாகியும் அது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது... ஏன் ஏறுகிறது என்று அவருக்குத் தெரியும், அதைத்தான் அரையாண்டுத் தேர்வில் ஏழாவது கேள்வியாகக் கேட்டிருந்தார், ஒன்பதாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் பதில் எழுதியிருந்தார்கள், என்ன எழுதினார்கள் என்பதுதான் தெரியாது.

திருத்தவில்லை. அவ்வளவுதான், ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம், நேரமில்லை என்று சொல்லலாமா, மூன்று வாரம் இருந்தது, உடம்பு சரியில்லை என்றால், உடம்பு கல் மாதிரி இருந்தது, சும்மாதான் தள்ளிப்போட்டார், நாளைக்கு நாளைக்கு என்று, கடைசியில் தலைமையாசிரியர் மார்க் பட்டியல் கேட்டு ஆள் அனுப்பிய மத்தியானம், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, போன தேர்வின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருத்தனுக்கு இரண்டு கூட்டி, ஒருத்திக்கு மூன்று குறைத்து, இயற்கையாகத் தெரிய வேண்டுமே என்று நடுவில் ஒருத்தனை ஃபெயிலாக்கி, அப்புறம் பாவம் பார்த்துப் பாஸாக்கி, மொத்தம் இருபது நிமிஷம், அதில் ஒரு கைநேர்த்தி இருப்பதாகக்கூட அன்றைக்குத் தோன்றியது. இத்தனைக்கும் பள்ளிக்கூடத்தில் அவருக்கு 'அரை மார்க்' என்று பெயர், படத்தில் ஒரு அம்புக்குறி விட்டுப்போனால் அரை மார்க்கைப் பிடித்துக்கொண்டு எந்த அப்பா வந்து கெஞ்சினாலும் விடாத மனுஷன், அந்தப் பட்டப்பெயர் காதில் விழும்போதெல்லாம் கோபப்படுவது போல முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோகிறவர்... தண்ணீர் படியேறிய காலையில் மாடி வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட, இவரும் மனைவியும் டிவி, மிக்ஸி, துணி மூட்டை, தையல் மெஷினின் தலை என்று தூக்கிக்கொண்டு ஓடியபோது அவள் கேட்டாள், "என்னங்க, கட்டிலுக்கடியில ஏதோ பேப்பர் கட்டு இருக்கே, முக்கியமா?" அதற்கு இவர், "பழசு, கிடக்கட்டும் விடு." அதற்கப்புறமும் மூன்று தடவை கீழே இறங்கினாரே, மூன்றாவது தடவை எடுத்துவந்தது காலியான பவுடர் டப்பா, அதற்கு இடம் இருந்தது மடியில், கட்டுக்கு இல்லை. மாடிப்படியில் நின்று கூடத்துக்குள் தண்ணீர் நுழைவதைப் பார்த்தபோது, தெருவே வயிற்றில் அடித்துக்கொண்டிருக்க, அவருக்கு ஒரு நிம்மதி வந்ததே, வெதுவெதுப்பான சின்ன நிம்மதி, அதை நினைத்தால் இப்போது காது மடல் சுடுகிறது.

வெள்ளம்தான் கட்டைக் கொண்டுபோகவில்லை என்றால், எலக்ட்ரீஷியன் வந்து காரியத்தை இன்னும் கெடுத்தார். பக்கத்துத் தெருக்காரர், தன் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர் நின்றதை மறந்துவிட்டு நேற்றிலிருந்து வீடு வீடாகச் சுவிட்ச் போர்டுகளைக் கழற்றித் துடைத்துக் காயவைக்கிறார், நான் சொல்லாம மெயினை யாரும் தொடக்கூடாது என்று பெரியவர்களைக் குழந்தைகள் மாதிரி மிரட்டுகிறார், காலையில் வந்தவர் வயர் பார்க்கக் கட்டிலை நகர்த்தி, "ஐயையோ சார், பிள்ளைங்க பேப்பரு!" என்று பச்சைக் குழந்தையை அள்ளுவது போல இரண்டு கையாலும் கட்டை அள்ளினார். "வேணாம் விடுங்க, குப்பையில போட்டுடலாம்" என்றால் கேட்கிற ஆளா, "குப்பையா? என்ன சார் பேசறீங்க, அதுங்க விழுந்து விழுந்து படிச்சு எழுதுனது, நீங்க கண்ணு நோவ உக்காந்து திருத்துனது." சமையலறைக்குள் அலமாரியைத் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி அங்கிருந்தே, "அவரைக் கேக்காதீங்கண்ணே, எதைத் தூக்கிப் போடலாம்னு நேத்துலேர்ந்து அலையறாரு, அடுத்தது நான்தான்" என்றாள், எலக்ட்ரீஷியன் சிரித்தார், இவரும் சிரித்தார், சிரிப்பில் சேர்ந்துகொள்ளாவிட்டால் சந்தேகம் வருமே... கூடத்தின் குறுக்கே மிச்ச வயரை இழுத்துக் கட்டி, ஒட்டிக்கொண்ட தாள்களை ஊதி ஊதி விரல்நுனியால் பிரித்து, துணி காயப்போடுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தொங்கவிடத் தொடங்கினார் அந்த மனுஷன், வயரையே நாள் பூராவும் பிரிக்கிற கை, ஒரு தாள் கிழியவில்லை, இவர் முதுகைக் காட்டிக்கொண்டு அதே இடத்துச் சேற்றையே சுரண்டினார், சிமெண்ட் தெரிந்துவிட்டது, இன்னும் சுரண்டினார். "எங்க பொண்ணோடதும் இதுலதான் சார் இருக்கும்." இருக்கும், இருக்காமல் எங்கே போகும், ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்சு, போன தடவை ஐம்பதுக்கு நாற்பத்தாறு, அவளுக்கு முன்னால் வரிசையாக நாலு பேருக்குக் கூட்டிவிட்டதால் இவளுக்குக் குறைக்கலாம் என்று மூன்றைக் கழித்து நாற்பத்துமூன்று, அவ்வளவுதான் அந்தப் பெண் செய்த குற்றம், நாலு பேருக்குப் பின்னால் பிறந்தது மாதிரி வரிசையில் வந்தது.

"சார்... இதோ எங்க பொண்ணோடது, இதுல மார்க்கே போடலையே." தகரம் கையிலேயே நின்றது. முப்பது வருஷத்தில் பிள்ளைகள் அவரிடம் சொன்ன பொய்கள் எத்தனை, நோட்டைத் தங்கச்சி கிழித்துவிட்டாள், பேனா ஒழுகிவிட்டது, எதையும் கண்ணைப் பார்த்தே பிடித்துவிடுவார், இப்போது தனக்கு ஒன்று வேண்டியிருக்க ஒன்றும் வரவில்லை, அந்தப் பிள்ளைகள் எவ்வளவு திறமைசாலிகள் என்று தோன்றியது... "ஓ, சிவப்பு மை தண்ணில கரைஞ்சிருக்கும்" என்று எலக்ட்ரீஷியனே சொன்னார், "இவ எழுதுனது பால்பாயின்ட், அதான் நிக்குது." இவர், "ஆமா" என்றார். சமையலறையில் தேய்க்கிற சத்தம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகத் தொடங்கியது. அவளுக்குத் தெரியுமா, திருத்துகிற நாட்களில் வீட்டில் வாளி வைத்தால்கூடச் சத்தம் கேட்கக்கூடாது என்று சீறுகிறவர் இந்தத் தடவை சீறவே இல்லையே என்று அவள் கணக்குப் போட்டிருப்பாளா... இந்த எலக்ட்ரீஷியனுக்குத்தான் தெரியுமா, சுவருக்குள் எங்கே கரண்ட் கசிகிறது என்று வெளியே நின்று சொல்லிவிடுகிறவர், ஒரு துளி சிவப்புக்கூடப் படியாத தாளைப் பார்த்துக் கரைந்திருக்கும் என்று நம்பினாரா, இல்லை, இறங்க வழியில்லாமல் நிற்கிறவனுக்கு ஏணி வைத்தாரா, கேட்க முடியுமா அதை.

"நாப்பத்திமூணு போட்டிருந்தீங்க" என்றார் எலக்ட்ரீஷியன், தாளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு பக்கத்தில் வந்து, "நல்லாத்தான்ப்பா எழுதினேன்னு அழுதா சார், நான்தான், அரை மார்க் சார் போட்டா தப்பு இருக்குமா, நீ ஒழுங்கா எழுதிருக்க மாட்டன்னு..." நாக்கைக் கடித்துக்கொண்டார், "கோவிச்சுக்காதீங்க, பிள்ளைங்க சொல்ற பேரு, வாயில வந்துருச்சு. கொஞ்சம் அதிகமாவே திட்டிட்டேன். ரெண்டு நாளா எங்கூடப் பேசலை, அப்புறம் வெள்ளம் வந்துச்சு, பேசித்தானே ஆகணும், பேசிட்டா. எங்கெங்க விட்டிருக்கான்னு நீங்க காட்டினா, போய் அவகிட்ட நல்லபடியா எடுத்துச் சொல்லுவேன்." திட்டியது அவர், திட்ட வைத்தது யார், இப்போது சொல்லிவிடலாம், இதோ வாய் திறந்தால் போதும், ஐயா நான் பார்க்கவே இல்லை என்று நாலே வார்த்தை, வாத்தியார் வாயைத் திறந்தார், "குடுங்க" என்றார். கவிழ்த்துப் போட்ட மேஜை இழுப்பறைமேல் உட்கார்ந்து, சட்டைப்பையில் பேனாவைத் தேடி, முதல் கேள்வி, சரி, இரண்டாவது, சரி, படம்கூட, பாகமெல்லாம் குறித்திருக்கிறாள், மூன்றாவதில் ஒரு வார்த்தை கோணலாக இருக்கிறது, ஆனால் சரி, நாலு, ஐந்து, ஆறு... ஏழாவதற்கு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதை எழுதிவிட்டு அதோடு விடாமல், மழைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் தரையிலிருந்து ஈரம் ஏறுவதும் இதனால்தான், அதனால் என் அப்பா சுவிட்ச் போர்டைத் தாழ்வாகப் பொருத்தமாட்டார் என்று எழுதியிருந்தாள், புத்தகத்தில் இல்லாத வரி, அவர் சொல்லித்தராத வரி, வேறொரு வருஷமாக இருந்தால் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டியிருப்பார், இப்போது மனசு ஒரு படி கீழே இறங்கியது, எட்டு, சரி, இன்னும் ஒரு படி.

"எல்லாம் சரியா சார்?" என்று எலக்ட்ரீஷியன் கழுத்தை நீட்டினார். "இருங்க." ஒன்பதாவது கேள்வி, கொதித்தலும் ஆவியாதலும், ஆ, மாற்றி எழுதியிருக்கிறாள், இதற்குப் பதில் அதை, அதற்குப் பதில் இதை, முழுசாகத் தப்பு, அப்பாடா என்று வந்தது அவருக்கு, நெஞ்சு லேசாகி, இரண்டு நாளில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை போய்வந்தது, அப்பாடாவா... ஒரு பிள்ளை தப்பாக எழுதியதற்கா, இவ்வளவு நேரமும் ஒவ்வொரு சரிக்கும் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது இதற்குத்தானா? முகத்தில் என்ன தெரிந்ததோ, "கிடைச்சிருச்சா சார்?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டார், அவர் குரலிலும் ஒரு நிம்மதி, திட்டியது வீண் போகவில்லை என்று ஒரு அப்பாவின் நிம்மதி, இரண்டு பெரிய மனுஷர்கள் ஈரத் தாளுக்கு மேலே தலையைக் குனிந்து ஒரு சின்னப் பெண்ணின் தப்பைக் கண்டு சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறோம், என்று நினைத்தார் வாத்தியார். "இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு" என்றார். அந்த இரண்டு பக்கமும் எப்படி இருக்க வேண்டும் என்று தன் மனசு கேட்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் புரட்டக் கை வரவில்லை...