அணிலும் கொக்கும் ஒரு நீளக் கம்பும்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. கால் மரத்துப்போனால் தாராளமாக நீட்டிக்கொள்ளுங்கள், இங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு பெண்கள் ஒரு கம்பு வாங்கப் போய்த் தலை கிறுகிறுத்துப்போன கதையை இன்றைக்குச் சொல்லப்போகிறேன். கம்பு வாங்குவதில் என்ன குழப்பம் என்று கேட்காதீர்கள். ஒரு ஜோடி செருப்பு வாங்கவே நாம் நாலு கடை ஏறி இறங்குகிறோம். இதுவோ மூன்று மாடிக்கு எட்டவேண்டிய கம்பு.

இருவரில் ஒருத்தி அண்ணி, ஒருத்தி நாத்தனார். அண்ணிக்கு அணில் என்று பெயர் விழுந்துவிட்டது. குள்ளம், துறுதுறுப்பு, ஏணியில் ஏறினால் படியில் கால் பட்டதா இல்லையா என்றே தெரியாது. நாத்தனாருக்குக் கொக்கு என்று பெயர். நெட்டை, நீண்ட கழுத்து, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் பேச்சில் சிக்கனம். இருவரும் கட்டடங்களின் கண்ணாடி ஜன்னல்களைத் துடைத்துச் சம்பாதிப்பவர்கள். இழுத்தால் நீளுகிற பெரிய ஏணி ஒன்று உண்டு. அணில் அதில் ஏறித் துடைப்பாள். கொக்கு கீழே ஏணியின் காலை மிதித்துப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்பாள்.

அவர்களுடைய பெரிய வேலை ஒரு மூன்று மாடி அலுவலகக் கட்டடம். சின்ன வீடுகள் வரும், போகும். மாதம் தவறாமல் வருவது அது ஒன்றுதான். இரண்டு வீட்டு அடுப்பும் அதை நம்பித்தான் எரிந்தன. அந்தக் கட்டடத்து மேனேஜர் ஒருநாள் இடுப்புச் சாவிக்கொத்து குலுங்க வந்து நின்றார்.

"இனிமே சுவத்துல ஏணி சாத்தக் கூடாதும்மா. மேலிடத்து உத்தரவு. தண்ணி வர்ற நீளக் கம்பு இருக்காமே, அத வாங்கிக் கீழ நின்னே தொடைங்க. சனிக்கிழமை வந்து செஞ்சு காட்டுங்க. முடியலேன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

"முடியாம என்ன சார்! மூணு மாடி என்ன, முப்பது மாடிக்கும் தொடைப்போம்" என்று அணில் பட்டென்று சொல்லிவிட்டாள். சொன்னபிறகுதான் யோசித்தாள். தண்ணீர் வருகிற கம்பு என்றால் என்ன? கம்புக்குள் தண்ணீர் எப்படி ஏறும்? எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. ஏணியே வேண்டாம் என்றால் ஏணி ஏறுகிறவள் எதற்கு?

மறுநாள் இருவரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேசை மேல் தேடுகிற ஆசாமி. கடையோ நீளமான குகை, கூரை தலையில் இடிக்கும். அத்தனை நீளக் கம்புகளும் சுவரோரம் பெட்டிப் பாம்பாக மடங்கிப் படுத்திருந்தன.

"எந்த உயரம்?" என்றார் கண்ணாடிக்காரர்.

"மூணு மாடி."

"அது மாடிக் கணக்கு. எனக்கு அடிக் கணக்கு வேணும்."

அணில் விரல் விட்டுக் கணக்குப் போட்டு ஓர் அடிக் கணக்குச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். "கம்போட நீளம் வேற, அது எட்டுற உயரம் வேறம்மா. நீங்க சுவத்த ஒட்டியா நிப்பீங்க? தள்ளித்தானே நிக்கணும்? கம்பு சாஞ்சுதானே போகும்? அதனால கொஞ்சம் கழிச்சுக்கணும். ஆனா கம்பு தரையில நிக்கல, உங்க கையில நிக்குது. அதனால கொஞ்சம் கூட்டிக்கணும்."

"கழிக்கணுமா, கூட்டணுமா?"

"ரெண்டும்."

"அப்ப மொத்தத்துல?"

"அது ஆளப் பொறுத்தது" என்றார் அவர், மிகவும் நிம்மதியாக.

அடுத்து எதனால் செய்த கம்பு என்ற ராமாயணம் தொடங்கியது. அலுமினியம் மூன்று மாடிக்குத் தாங்காதாம். ஃபைபர் தாங்குமாம், ஆனால் கனமாம், நீட்டினால் வளையுமாம். கார்பன் வளையாதாம், கனமும் இல்லையாம், ஆனால் மின்கம்பி இருக்கிற பக்கமே எடுத்துப் போகக் கூடாதாம். குழாய்த் தண்ணீர் நேராகக் கம்புக்குள் போகாதாம். சக்கரம் வைத்த ஒரு பீப்பாய்க்குள் போய், உப்பெல்லாம் அங்கேயே நின்றுவிட, உப்பில்லாத தண்ணீர்தான் ஹோஸ் வழியாக மேலே ஏறி நுனியில் இருக்கிற பிரஷில் கொட்டுமாம். துடைக்கவே வேண்டாம், ஈரத்தோடு விட்டுவிட்டால் திட்டு இல்லாமல் தானாகக் காயுமாம்.

"ஈரத்தோட விட்டுட்டு வர்றதா?" அணில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். வாழ்நாள் முழுக்க ஒரு சொட்டு ஈரம் விடாமல் வழித்தெடுத்தவள் அவள். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. இவர் உப்பில்லாத தண்ணிதான் உசத்திங்கறாரு. ஏண்டி கொக்கு, நீயாவது வாயத் தொறயேன்!"

"பாத்துட்டிருக்கேன் அண்ணி."

"பாத்தது போதும், சொல்லு."

"இன்னும் பாக்கல" என்றாள் கொக்கு.

உள்ளே நிமிர்த்த இடமில்லாததால் கண்ணாடிக்காரர் ஃபைபர் கம்பையும் கார்பன் கம்பையும் தெருவுக்கு எடுத்துவந்து, கார்பன் கம்பை மட்டும் ஒவ்வொரு கணுவாக இழுத்துப் பூட்டி உயர்த்தினார். எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடி ஜன்னலில் வறண்ட பிரஷ் சரசரவென்று தேய்ந்தது. ஜன்னல் திறந்தது. முகம் முழுக்கச் சவர நுரையோடு ஒருவர் எட்டிப்பார்த்தார்.

"யாருய்யா அது? நான் கூப்பிடவே இல்லையே!"

"சும்மா சாம்பிள் சார்!"

"அப்ப அந்தப் பக்கமும் ஒரு சாம்பிள் பண்ணிட்டுப் போங்க. ரெண்டு வருஷமா அழுக்கா இருக்கு!"

ஜன்னல் சாத்திக்கொண்டது. அணில் மேலே நடந்ததைக் கவனிக்கவே இல்லை. அவள் கண் தரையில் கிடந்த ஃபைபர் கம்பின் மேல் இருந்தது. ஏணிக்காரியின் புத்தி ஏணியைத்தானே சுற்றும்? கனமான ஏணி ஆடாது, தடித்த ஏணி முறியாது, நீளமான ஏணி காலை வாராது. விரலை மடக்கிக் கம்பைத் தட்டிப் பார்த்தாள், பாதத்தால் அழுத்திப் பார்த்தாள், தூக்கிப் பார்த்து மூச்சு வாங்கினாள்.

"இதுதான். கைக்குக் கனமா இருந்தாத்தான் நம்பிக்கை வருது. அது என்னமோ உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

கண்ணாடிக்காரர் நல்ல மனிதர், வாதாடவில்லை. சாம்பிள் கம்புகள் இரண்டையும், பீப்பாயையும் ஒப்படைத்தார். "ரெண்டையும் சனிக்கிழமை அங்கயே போட்டுப் பாருங்க. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்குத் திரும்பி வரணும். என் கண்ணாடி எங்கயாவது பாத்தீங்களா?"

"உங்க நெத்தியில" என்றாள் கொக்கு. அன்றைக்கு அவள் சொன்ன ஒரே உருப்படியான பதில் அதுதான் என்று வழியெல்லாம் அணில் குறைபட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை. வாகனங்கள் நிற்கிற சிமெண்டுத் தரையில் பீப்பாயை நிறுத்திக் குழாயில் ஹோஸை மாட்டினார்கள். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அணில் கனத்த கம்பை எடுத்தாள். கணுக்கணுவாக உயர்த்தினாள். பாதி ஏறும்போதே மணிக்கட்டு நடுங்கியது. முழுக்க ஏறியதும் கம்பு வில்லாக வளைந்து பிரஷ் தன் இஷ்டத்துக்கு ஆடியது. பிரஷ் எங்கே இருக்கிறது என்று அண்ணாந்தாள்.

அவ்வளவுதான். கட்டடம் அப்படியே அவள் மேல் சாய்ந்தது.

"ஐயோ விழுது! ஓடுங்க!" என்று அலறிக் குனிந்தாள். கம்பு சரிந்து பிரஷ் சுவரில் மடேரென்று மோதித் தண்ணீரை மேனேஜர் தலையில் கொட்டியது.

"என்னம்மா விழுது? என்ன ஆச்சு?" என்று அவர் நனைந்த சட்டையை உதறினார்.

அணில் பார்த்தாள். கட்டடம் நின்ற இடத்திலேயே நின்றது. "கம்பு... கம்பு சரியில்ல சார். இன்னொண்ணு இருக்கு."

லேசான கம்பை எடுத்தாள். கை நடுங்கவில்லை, கம்பு வளையவில்லை. இனி என்ன என்று தைரியமாக அண்ணாந்தாள். மறுபடியும் சுவர் முழுக்கத் தலைக்கு மேல் கவிழ்ந்து வந்தது. கால் பூமியில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்டத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குத் தன்னையே புரியவில்லை. மூன்றாம் மாடி உயரத்தில் ஒற்றைக் காலில் நின்று ஜன்னல் மூலையை வழித்தவள். கீழே பார்த்து மயங்கினதாக ஒரு நாள் உண்டா? இப்போது கெட்டித் தரையில் நின்று மேலே பார்த்தால் மயக்கமா? கம்பு மேல் குற்றம் சொல்லலாம் என்றால் இரண்டு கம்பும் அதையே செய்கின்றனவே!

கொக்கு பக்கத்தில் குத்துக்காலிட்டாள். "மேகம் அண்ணி."

"என்ன மேகம்?"

"மேகம் ஓடுது. அண்ணாந்தா கட்டடம் ஓடுற மாதிரி இருக்கும். எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. வானத்தப் பாக்கக் கூடாது. ஒரே எடத்தப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

"நீ எதப் பாத்துட்டிருந்தே?"

"உங்க குதிகாலத்தான்" என்றாள் கொக்கு. "வேற எதப் பாப்பேன்? அது வழுக்குச்சுன்னா நான்தானே ஏணிய அமுக்கணும்?"

அணில் தன் குதிகாலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

கொக்கு எழுந்தாள். கனத்த கம்பை ஒரு தடவை தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தாள். லேசான கம்பைத் தூக்கினாள். "இது" என்றாள். ஒரு வாரமாக அணிலின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி ஒரு சொல்லில் முடிந்துவிட்டது. கம்பு மேலே போனது. பிரஷ் முதலில் ஜன்னல் சட்டத்தின் மேல்பக்கத்தைத் தேய்த்தது, பிறகு கண்ணாடியை. நீண்ட கழுத்து அண்ணாந்தது அண்ணாந்தபடியே இருந்தது. அதற்குப் பழகிப்போன கழுத்து.

அணில் வெறுங்கையோடு நின்றாள். எங்கே நிற்பது என்றுகூடத் தெரியவில்லை. ஏணி இருந்தால் அதன் காலையாவது பிடிக்கலாம். கம்புக்குக் கால் ஏது? ஹோஸை எடுத்துப் பிடித்தாள். அது தானாகவே கிடந்தது. கீழே போட்டாள்.

அப்போது மேனேஜர் கேட்டார்: "அது சரி. மேல சுத்தமாயிடுச்சா இல்லையான்னு இங்கருந்து எப்படித் தெரியும்? ஈரமாத்தானே தெரியுது?"

கொக்கு கம்பை இறக்காமலே அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். மேனேஜரின் கை சாவிக்கொத்தைத் தடவியது, வேறு ஆளைக் கூப்பிடப் போகிறவர்போல.

"ஒரு நிமிஷம் சார்!" அணில் செருப்பை உதறிவிட்டு ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மாடிப் படியையும் ஒரே மூச்சில் விழுங்கினாள். அந்த ஜன்னலுக்கு உள்ளே ஒரு பல் ஆஸ்பத்திரி. நாற்காலியில் ஒருவர் குகைபோல் வாயைப் பிளந்து சாய்ந்திருக்க, டாக்டரம்மா கருவியோடு குனிந்திருந்தார்.

"மன்னிச்சுக்கங்க டாக்டர், உங்க ஜன்னலப் பாக்கணும்."

கண்ணாடிக்கு வெளியே பிரஷ் நின்றது. தண்ணீர் காய்ந்துகொண்டே வந்த இடம் திட்டில்லாமல் தெளிந்திருந்தது. உள்ளபடியே உப்பில்லாத தண்ணீர்தான்! ஆனால் ஒரு மூலையில் காகத்தின் எச்சம் அப்படியே ஒட்டியிருந்தது. அணில் போனில் கூப்பிட்டாள். கீழே கொக்கு போனை ஸ்பீக்கரில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். "கொக்கு, இடது பக்கம் ஒரு கறை இருக்குடி!"

பிரஷ் விலகிப் போனது. "எங்கடி போறே? இடது! இடது!"

"இடதுதான் அண்ணி வந்திருக்கேன்."

"அது வலதுடி!"

"யாரோட வலது?"

"யாரோடதா? வலதுன்னா எல்லாருக்கும் வலதுதானே?"

"நீங்க என்னப் பாத்து நிக்கிறீங்க, நான் உங்களப் பாத்து நிக்கிறேன் அண்ணி."

அணில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் பார்த்தாள், திரும்பிப் பார்த்தாள், எந்தக் கையால் சாப்பிடுகிறோம் என்பதே மறந்துபோனது. வாயைப் பிளந்திருந்தவர் பாவம், இந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று விரலால் காட்டினார்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்களுக்கும் இதே தொல்லைதாம்மா. இடது பல்லுன்னா யாரோட இடது? என்னோடதா, இவரோடதா? அதனால நாங்க எப்பவும் வாய்க்குச் சொந்தக்காரர் பக்கமா வச்சுத்தான் சொல்வோம்."

அணில் ஒரு நொடி நின்றாள். பிறகு போனை வாய்க்கு நெருக்கமாக வைத்துக்கொண்டாள். "கொக்கு. இனிமே நான் எது சொன்னாலும் உன் பக்கம்தான். கம்பு யார் கையில இருக்கோ அவ பக்கம். புரியுதா? உன்னோட வலது, கீழ் மூலை."

பிரஷ் நேராக வந்து கறையின் மேல் உட்கார்ந்தது. தேய்த்தது. தண்ணீர் கொட்டியது. போயிற்று.

"போச்சா அண்ணி?"

"போச்சுடி. அடுத்த ஜன்னலுக்கு வா, நான் அடுத்த ரூமுக்குப் போறேன்."

மேனேஜர் மூச்சிரைக்க மேலே வந்து கண்ணாடியை இந்தக் கோணம் அந்தக் கோணம் என்று பார்த்தார். ஆள்காட்டி விரலை வைத்தார், எடுத்தார். "உள்ள ஒருத்தர், வெளிய ஒருத்தரா? ரெண்டு பேரும் வரணுமா எப்பவும்?"

"ஒருத்தர் மட்டும் வந்தா பாதிக் கண்ணாடிதான் சார் சுத்தமாகும்" என்றாள் அணில்.

"சரி, அடுத்த மாசமும் ரெண்டு பேருமே வாங்க. ஆனா நான் நிக்கிற பக்கம் தண்ணி விடாதீங்க" என்றார் அவர்.

அன்று மாலைவரை இருவரும் போனில் கத்திக்கொண்டே துடைத்தார்கள். கொக்கின் பக்கம் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டவளுக்கு, அவசரத்தில் தன் பக்கமே வாயில் வந்தது. இரண்டாவது மாடியில் சுத்தமான ஜன்னல் ஒன்றை மூன்று தடவை கழுவினார்கள். "அண்ணி, நிஜமாவே இடதா?" "இரு, திரும்பி நின்னு சொல்றேன்" என்ற குரல் தெருவரைக்கும் கேட்டதாம்.

கதை அவ்வளவுதான், என் தங்கங்களா. போய்ப் படுங்கள். உங்கள் வீட்டில் ஏறுகிறவருக்குக் கால் வழுக்காதிருக்கட்டும், தாங்குகிறவருக்குக் கை சோராதிருக்கட்டும். அடுப்பு அணையாமல், பேச்சு முறியாமல், கூப்பிட்ட குரலுக்கு "இதோ" என்று சொல்ல எந்நாளும் ஓர் ஆள் இருக்கட்டும்.