மாயவரத்தில் தொடங்கிய தனி

நீடூர் சாரநாதன் மாயவரத்தில் தொடங்கிய கச்சேரி கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் இன்னும் முடியவில்லை. அது முடியாமல் சாரநாதன் பாட முடியாது. அவர் பாடாமல் நாங்கள் வீட்டுக்குப் போக முடியாது. ஆகையால் எல்லோரும் கூடவே போய்க்கொண்டிருந்தோம்.

தனி என்றால் கச்சேரியின் நடுவே பாடகர் ஓய்ந்திருக்க, மிருதங்கக்காரர் மட்டும் வாசிப்பது. அந்த நேரத்தில் சபையில் பாதிப் பேர் எழுந்து கேன்டீனுக்குப் போவார்கள். நாற்காலியில் கர்சீப்பைப் போட்டுவிட்டுப் போவார்கள். போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் தனியை முடிக்கலாம். இது யாரும் சொல்லிக் கொடுத்த விதி இல்லை. எல்லோருக்கும் தெரியும்.

எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். என் மனைவி குமுதா மட்டும் வரவில்லை.

குமுதா இறந்துவிட்டாள். அது வேறு விஷயம். ஆஸ்பத்திரியில், என் கண்ணெதிரே இறந்தாள்; என்னை அங்கே நாற்காலியோடுதான் தூக்கிப் போனார்கள். காரியங்கள் முறைப்படி நடந்தன. சபா செயலாளரே வந்து மாலை போட்டார். ஆனால் அவள் நாற்காலியில் கர்சீப் கிடந்தது. கர்சீப் கிடக்கும் நாற்காலிக்கு ஆள் உண்டு. அதைப் பக்கத்து நாற்காலிக்காரர் மட்டும்தான் எடுக்கலாம். பக்கத்து நாற்காலி என்னுடையது.

வெள்ளைக் கர்சீப். நீல ஓரம். ஒரு மூலையில் மஞ்சள் கறை.

ஊர் மாறும்போது நாங்கள் எழுந்திருப்பதில்லை. நாற்காலிகளோடு சேர்த்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். மேடைக்கு வேறு லாரி. மிருதங்கம் உப்பிலி அதில் வாசித்துக்கொண்டே வருவார். வேகத்தடையில் லாரி குதித்தால் வாசிப்பும் குதிக்கும். பின்னால் வரும் லாரியிலிருந்து "பேஷ்" என்று சத்தம் கேட்கும். ஒருமுறை மூன்றாம் வரிசை வழிதவறித் திருத்துறைப்பூண்டிக்குப் போய்விட்டது. அங்கே கண் பரிசோதனை முகாம் நடந்துகொண்டிருந்தது. அந்த வரிசை திரும்பி வந்தபோது எல்லோரும் கண்ணாடி போட்டிருந்தார்கள்.

எனக்கு மறுபக்கம் கோதண்டபாணி. அவர் போடும் தாளம் எப்போதும் கொஞ்சம் முந்திக்கொண்டுவிடும். அதனால் எந்த ஊருக்கும் அவர் எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவார். நாங்கள் இறங்கும்போது காலி மைதானத்தில் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து தொடையைத் தட்டிக்கொண்டிருப்பார்.

"ஊர் எப்படி சார்?" என்பேன்.

"தண்ணி உப்பு. கேன்டீன் பின்பக்கம்."

"இவ்வளவு சீக்கிரம் வந்து என்ன பண்றீங்க?"

"வீட்டுக்காரிக்குக் காத்திருக்கேன். அவ உங்ககூடல்ல வர்றா."

அவர் மனைவி சுகுணாவுக்குத் தாளம் சுத்தம். அதனால் சுகுணா எங்களோடு லாரியில்தான் வருவார். பயணத்தில் அவர்கள் சேர்ந்து இருந்ததே இல்லை. அதைப் பற்றி இருவருக்கும் வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை.

நான் சாரநாதனின் ரசிகன். அவர் போகிற ஊருக்கெல்லாம் போனவன். திருவாரூர், சிதம்பரம், காரைக்கால். லீவு கிடைக்காதபோது அலுவலகத்தில் மாமனார் இறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போவேன். மாமனாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வேன். "எந்த ஊர்க் கச்சேரி மாப்ள?" என்று விசாரித்துவிட்டு அவரும் சம்மதிப்பார்.

நான் அலைந்தது முழுக் கச்சேரிக்காக இல்லை. ஒரே ஓர் இடத்துக்காக. தனி முடிந்ததும் சாரநாதன் பல்லவியின் அடியை மறுபடி எடுப்பார். அந்த இடம். அவர் அதை உரக்கப் பாடமாட்டார். சங்கதி என்று எந்த அலங்காரமும் போடமாட்டார். விட்ட இடத்திலிருந்து எடுப்பார், அவ்வளவுதான். அது போதும் எனக்கு. அடுத்த கச்சேரி வரைக்கும் தாங்கும்.

குமுதாவும் கூட வருவாள். தனி தொடங்கியதும் எழுந்துவிடுவாள்.

"எனக்கு இந்த டமடமா ஆவாதுங்க. நான் போய் ஒரு போண்டா சாப்ட்டு வர்றேன். நீங்க உங்க ஆளப் பாத்துக்கங்க."

தனி முடிவதற்குச் சற்று முன்னால் சரியாக வந்து உட்கார்ந்துவிடுவாள். மூச்சு வாங்கும். அவள் போண்டாவுக்காகத்தான் கச்சேரிக்கு வருகிறாள் என்று நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அவளும் ஆமாம் என்றுதான் சொல்வாள்.

நாச்சியார்கோவிலில் ஒருவர் வெகுநேரம் தூணோரமாக நின்றுவிட்டு என்னிடம் வந்தார். குமுதாவின் நாற்காலியைக் காட்டினார்.

"இங்க ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"எங்க?"

"போண்டா சாப்பிடப் போயிருக்காங்க."

"எப்ப போனாங்க?"

"மாயவரத்துல."

அவர் மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். "அப்ப வர்ற நேரந்தான்" என்று சொல்லிவிட்டுத் தூணுக்கே திரும்பிப் போனார்.

அந்த ஊரில்தான் சாரநாதனின் மகள் கல்யாணம் நடந்தது. மேடையிலேயே மணவறை போட்டார்கள். தாலி கட்டும் நேரமும் தாளம் தொடங்கும் இடமும் ஒன்றாக வந்து விழும்படி உப்பிலி கணக்குப் பண்ணி வாசித்தார். சாரநாதன் இடது கையால் பெண்ணைத் தாரை வார்த்தார். வலது கை தாளத்தில் இருந்தது. இடது கையா என்று மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். மாப்பிள்ளைக்கு லயமே இல்லை, அவர்கள் பேசலாமா என்று பெண் வீட்டார் முணுமுணுத்தார்கள். ரசிகர்கள் இரண்டு பக்கத்தையும் உஷ் என்று அடக்கினோம்.

செயலாளர் ஞானப்பிரகாசம் ஒவ்வோர் ஊரிலும் என் பக்கத்தில் வந்து நிற்பார். நல்ல மனிதர். வற்புறுத்தமாட்டார்.

"கர்சீப்ப எடுத்துரலாங்களா?"

"வந்துருவா."

"அதுக்கில்ல. தஞ்சாவூர்ல ஹால் பேசணும். அதான் கேட்டேன்."

"பேசுங்க. அங்கயும் வர்றோம்."

கும்பகோணத்தில் அவர் என்னைக் கேட்கவில்லை. குனிந்து கர்சீப்பிடமே கேட்டார். "புழுக்கமா இருக்குங்களாம்மா?" பதில் வராததால் ஒரு பனையோலை விசிறியை அதன்மேல் வைத்துவிட்டுப் போனார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் உப்பிலி மேடையிலிருந்து இறங்கி வந்தார். கை நிற்கவில்லை. மிருதங்கத்தோடு என் காலடியில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"சார், வாசிக்கக் கணக்கு தீர்ந்துடுத்து."

"நல்லாத்தானே போகுது?"

"எங்கே போறது? நேத்திலேர்ந்து பஸ் டைம்தான் வாசிச்சுண்டிருக்கேன். கும்பகோணம் டு மன்னார்குடி. ஒருத்தரும் கண்டுபிடிக்கலை."

"நான் கண்டுபிடிச்சேன்" என்றார் கோதண்டபாணி. "பஸ்ஸெல்லாம் லேட்டு."

உப்பிலி அவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் இன்னும் நகர்ந்தார். குரலைத் தாழ்த்தினார். மிருதங்கமும் தாழ்ந்தது.

"எனக்கொண்ணும் இல்லை. நான் கை இருக்கிற வரைக்கும் வாசிப்பேன். அண்ணாவுக்குத்தான் சங்கடம். பல்லவி மறந்துண்டு வரது."

"சாரநாதனுக்கா?"

"நாச்சியார்கோவில்ல கடைசி வார்த்தை போச்சு. கல்யாண சந்தடியில கவனிக்கலை. இன்னிக்குக் கார்த்தால நடுவுல இருந்தது போச்சு. முதல் வார்த்தையை வாயிலயே அடக்கி வெச்சுண்டிருக்கார். பாருங்கோ."

பார்த்தேன். சாரநாதன் உதடுகளை இறுக்கி மூடியிருந்தார். ஒரு கன்னம் உப்பியிருந்தது. யாரோ வெந்நீர் நீட்டினார்கள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னார்.

"எனக்கு முழு அடியும் தெரியும். எழுதித் தர்றேனே" என்றேன்.

"எழுதிக் குடுத்தா வாசிப்பார். பாடமாட்டார். அதுக்கா சார் நீங்க ஊர் ஊரா வந்தேள்?"

அவர் எழுந்து மேடைக்குப் போனார். மன்னார்குடிப் பேருந்துகள் மறுபடி கிளம்பின.

நான் கர்சீப்பை எடுத்தால் குமுதா வரமாட்டாள் என்று ஆகிவிடும். எடுக்காவிட்டால் சாரநாதன் பல்லவி எடுக்கும் அந்த இடம் இல்லாமல் போய்விடும். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. ஒரு தடவை போய்க் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. இவ்வளவு நாள் ஏன் தோன்றவில்லை என்றால், தனியின் நடுவே நான் எழுந்ததே இல்லை.

எழுந்தேன். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. என் கர்சீப்பை என் நாற்காலியில் போட்டுவிட்டு நடந்தேன்.

கேன்டீனுக்குப் போகும் நடை நீளமாக இருந்தது. நடக்க நடக்க இன்னும் நீண்டது. இரு பக்கமும் ரசிகர்களின் செருப்புகள். கடைசியில்தான் காரணம் புரிந்தது. நான் தாளத்தோடு நடந்துகொண்டிருந்தேன். தாளத்தோடு நடந்தால் தனி முடிகிற வரைக்கும் நடக்க வேண்டியதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு நாலு அடி தப்பாக வைத்தேன். உடனே கேன்டீன் வந்துவிட்டது.

அது சபையைவிடப் பெரிதாக இருந்தது. கல்லாவில் இருந்தவரிடம் கேட்டேன்.

"குமுதான்னு ஒருத்தங்க. இங்க இருக்காங்களா?"

"போண்டாவா, கீரை வடையா?"

"போண்டா."

"அவங்க சாப்ட்டாச்சே சார். கை கழுவிட்டுப் போயாச்சு."

"எந்தப் பக்கமா?"

"கை கழுவுறது இந்தப் பக்கம். அப்புறம் போறது எங்களுக்குத் தெரியாது."

"திரும்பி வருவாங்களா?"

"சாப்ட்டவங்க எதுக்கு சார் வருவாங்க?"

அவர் அடுத்தவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நான் நகர்ந்தேன்.

ஜன்னலோரம், இன்னொரு போண்டாவுக்காக மறுபடி எழுந்து வந்திருந்த சுகுணா தட்டோடு நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாயில் இருந்ததை விழுங்கினார்.

"அண்ணே! நீங்களா? தனியில எந்திரிச்சா வந்தீங்க? குமுதா பாக்கணும் இத. விழுந்து விழுந்து சிரிப்பா."

"அவ எங்க நிப்பா?"

"இங்கதான். இந்த ஜன்னல்ல. உள்ள நடக்கிறது இங்க நல்லாக் கேக்கும். போண்டா வாயில இருக்கும், காது அங்க இருக்கும். திடீர்னு 'சுகுணா, முடிக்கப் போறாருடி'ம்பா. பாதிப் போண்டாவ என் தட்டுல போட்டுட்டு ஓடுவா. நான் இந்த மாதிரி ஊதுனதே அவளாலதான்."

"எதுக்கு ஓடணும்? அவளுக்குத்தான் பாட்டுன்னா ஆகாதே."

"பாட்டுக்கா ஓடுனா? உங்க மூஞ்சியப் பாக்க ஓடுவா."

"என் மூஞ்சியவா?"

"உங்க ஆளு மறுபடி ஒரு எடம் எடுப்பாராமே. அப்ப உங்க மூஞ்சி போற போக்கு இருக்கே, கைக்கொழந்த வாயில புளியங்காய வெச்ச மாதிரின்னு சொல்லுவா. எனக்கு நடிச்சே காட்டுவா. 'அது ஒண்ணுக்குத்தாண்டி ஊர் ஊரா வர்றேன், இல்லாட்டி இந்தக் கொசுக்கடியில எவ உக்காருவா'ம்பா."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"சொன்னா மூஞ்சிய மாத்திக்குவீங்களாம்."

"நீங்களாவது சொல்லியிருக்கலாம்."

"நீங்க இந்தப் பக்கம் வந்தாத்தான?"

அவர் தட்டிலிருந்த பாதிப் போண்டாவை என் கையில் வைத்தார். தின்றேன். நன்றாக இருந்தது. உள்ளே மிளகு முழுசாகக் கிடந்தது. இத்தனை வருடமும் இதை விட்டிருக்கிறேன்.

உள்ளே உப்பிலி கடைசிப் பேருந்துக்கு வந்துவிட்டிருந்தார்.

"ஓடுங்கண்ணே, நானும் வர்றேன்" என்றார் சுகுணா.

ஓடினேன். ஓடுகிறவனுக்குத் தாளம் கிடையாது. அதனால் இரண்டே எட்டில் சபைக்குள் இருந்தேன்.

என் நாற்காலியில் ஆள் இருந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். நான்தான். என் கர்சீப்பை மடியில் வைத்துக்கொண்டு மேடையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எழுப்புவது முறையில்லை. பின் வரிசையில் கண்ணாடி போட்டவர்கள் கத்தினார்கள்.

"உக்காருங்க சார், மறைக்குது!"

வேறு காலி இடம் இல்லை. ஞானப்பிரகாசம் சுவரோரம் நின்று என்னைப் பார்த்தார். நான் விசிறியைக் கீழே வைத்தேன். குமுதாவின் கர்சீப்பை எடுத்தேன். அது லேசாக இருந்தது. கர்சீப் லேசாகத்தான் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

செயலாளர் மேடையை நோக்கிக் கையை உயர்த்தினார்.

உப்பிலி கண்ணை மூடிக்கொண்டார். முத்தாய்ப்பை மூன்று முறை வாசித்தார். மூன்றாவது முடிவதற்குள் கோதண்டபாணி கைதட்டிவிட்டார். பிறகு கை நின்றது. மாயவரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தம் இல்லாமல் போனதும் இரண்டு மூன்று பேர் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

சாரநாதனின் கன்னம் தணிந்தது. வாயைத் திறந்தார். முதல் வார்த்தை வந்தது. பத்திரமாக இருந்தது.

அடுத்த இரண்டு வார்த்தைகளுக்கு நான் காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் என் தலை பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டது.

அங்கே என் முகத்தில் புருவங்கள் மேலே போயின. கீழுதடு உள்ளே போயிற்று. மூக்கு ஒரு பக்கமாகச் சுருங்கியது. ஒரு கண் மூடிக்கொண்டது, மற்றது மூடுவதா வேண்டாமா என்று நின்றது. தாடை ஆடியது. புளியங்காய் என்று அவள் சொன்னது பெருந்தன்மையால்தான். அதைவிட மோசமாக இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். வயிறு குலுங்கி நாற்காலி கிறீச்சிட்டது. கர்சீப்பை வாயில் திணித்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "போண்டா ஒத்துக்கலையா?" என்று மெல்லக் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை. சாரநாதன் அதே அடியை இரண்டாம் முறை எடுத்தார். அந்த முகமும் இரண்டாம் முறை போயிற்று.

வார்த்தைகள் முழுசாக வந்தனவா என்று பிறகு எல்லோரும் என்னிடம்தான் வந்து கேட்டார்கள். எனக்குத் தெரியாது. நான் மேடைப் பக்கம் திரும்பவே இல்லை.