ஆடியில் மாறாத வலைப்பூ

கரமனையில் ராகுகாலத்தைத் தவறாமல் பார்க்கிற ஆள் யாரென்று கேட்டால், அக்ரகாரத்துத் தெருக்களை விட்டுவிட்டு வன்னியராஜின் வாடகை வீட்டைத்தான் காட்ட வேண்டும். பல் தேய்க்கும் முன்பே நாள்காட்டித் தாளைக் கிழித்து, அன்றைக்கு ராகுகாலம் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிடுவார். நல்ல காரியத்தைத் தள்ளிப்போட அல்ல. அந்த நேரத்தில்தான் வலைப்பூவில் கட்டுரை ஏற்றுவது என்று ஒரு விரதம்போல வைத்திருந்தார்.

வலைப்பூவின் பெயர் 'ராகுகாலத் தேநீர்'. ஜாதகம், சகுனம், வாஸ்து, பல்லி விழும் பலன் என்று எதையும் விட்டுவைக்காமல், நான்கு வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளில் கிழி கிழியென்று கிழித்திருந்தார். இருபது வருடமாக அரசு அலுவலகத்தில் ஃபைல் தள்ளுகிற மனிதருக்கு, இது என்னுடையது என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். வேறெங்கும் பிரதி கிடையாது. நேரே தளத்திலேயே தட்டி, அப்படியே ஏற்றிவிடுவார்.

2007 ஜூன் மாதம், இலவசமாக இடம் கொடுத்திருந்த நிறுவனம் கடையைக் கட்டுவதாக மின்னஞ்சல் அனுப்பியது. ஜூலை முப்பத்தொன்றுக்குள் அவரவர் எழுத்தை அவரவர் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். வன்னியராஜ் அசரவில்லை. சொந்தமாக ஒரு முகவரி வாங்கினார், சர்வரில் இடம் பிடித்தார், வேர்ட்பிரஸ் மென்பொருளை நிறுவினார். பழைய தளத்தில் 'இடம் மாற்று' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். அதை அமுக்கினால் மொத்தமும் தானாகப் புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அதே நிறுவனத்தில் 'பஞ்சாங்கப் பக்கம்' என்று ஒரு வலைப்பூ நடத்திக்கொண்டிருந்தவர் ஸ்ரீவராகத்து ராஜமணி, வங்கியில் ஓய்வுபெற்றவர். வன்னியராஜ் எதை எழுதினாலும் மறுநாளே அதற்கு மறுப்பு எழுதுவார். பரம எதிரி, ஆனால் வன்னியராஜை ஒரு வரி விடாமல் படிக்கிற ஒரே ஆளும் அவர்தான். "உங்கள் பதிவுகளை நானும் ஒரு பிரதி எடுத்து வைக்கட்டுமா?" என்று அவர் அக்கறையாக எழுதிக் கேட்டார். "நான் நாள் பார்த்து இடம் மாறுகிறவன் அல்ல. ஒரு நிமிட வேலை" என்று இவர் பதில் எழுதிவிட்டு, அந்த வாக்கியத்தை மூன்று முறை படித்து ரசித்தார்.

புதுத் தளத்துக்குத் தலைப்புப் படம், நிறம், எழுத்துரு என்று பார்த்துப் பார்த்துச் செய்ததில் ஜூலையில் மூன்று வாரம் ஓடிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சரியாக ராகுகாலத்தில், பொத்தானை அமுக்க உட்கார்ந்தார். மனைவி இசக்கிசெல்வி தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன, ஒரேயடியா சிரிப்பு?"

"ப்ளாக்க வேற எடத்துக்கு மாத்துதேன்."

"ஆடி மாசமா மாத்துதிய?"

"இது என்ன வீடா? வெறும் எழுத்துல்லா."

"நாலு வருசமா நீங்க அதுலதான கெடக்கிய. செரி, ஒங்க இஷ்டம்."

அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் அந்த வீம்பிலேயே அமுக்கியிருப்பார். இப்போதிருக்கும் வீட்டுக்கு அவர்கள் குடிவந்ததும் ஓர் ஆடி மாதத்தில்தான். அவள் வேண்டாம் என்றாள், இவர்தான் பிடிவாதம் பிடித்தார். நான்காம் நாள் கிள்ளிப்பாலத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது கால் முறிந்தது. தற்செயல் என்று எல்லோரிடமும் சொன்னார். முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டுரையில் ஒன்றில்கூட அந்தக் காலைப் பற்றி மூச்சு விட்டதில்லை. இப்போது அந்தக் கால் விண்ணென்று தெறித்தது. பயந்துவிட்டார், வேறு பெயர் சொல்லி மழுப்ப முடியாது.

கணினியை அணைத்தார். ஆவணி பிறக்கட்டும் என்று மனதுக்குள்ளேயே முடிவு செய்துகொண்டார். ஆவணிக்கு முன்னாலேயே கெடு முடிகிறதே என்றால், அதற்கும் அவரிடம் சமாதானம் இருந்தது. அவர் அலுவலகத்தில் கடைசித் தேதி என்று அறிவித்த எதுவும் இரண்டு தடவையாவது நீட்டிக்கப்படாமல் முடிந்ததே இல்லை.

இந்த நிறுவனத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி திறந்து பார்த்தால், வெள்ளைப் பக்கத்தில் ஒரே ஒரு நன்றி இருந்தது. எழுதிய ஏழு மின்னஞ்சல்களுக்கும் பதில் இல்லை. எட்டாம் நாள், மானத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்ரீவராகத்துக்கு பஸ் ஏறினார்.

"வாங்கோ, வாங்கோ. மொகத்தை இன்னிக்குத்தானே பாக்கறேன்!" பெயரைச் சொன்னதுமே ராஜமணி உண்மையிலேயே மகிழ்ந்துபோனார்.

"சார், என் பதிவ எல்லாம் நீங்க எங்கயாவது எடுத்து வச்சிருக்கியளா?"

அவர் முகம் வாடிவிட்டது. "நான்தான் கேட்டேனே. ஒரு நிமிஷ வேலைன்னு எழுதினேள். சொன்னா செய்யற மனுஷராச்சேன்னு விட்டுட்டேன்."

"ஒண்ணுமே இல்லியா?"

"திட்டறதுக்கு முன்னாடி நீங்க என்ன சொன்னேள்னு ரெண்டு வரி போடுவேனோல்லியோ? அது மட்டும் இருக்கு."

கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். மேற்கோள் குறிகளுக்குள் வன்னியராஜின் இரண்டு வரி; கீழே ராஜமணியின் ஐந்து பத்தி. அடுத்த பக்கத்திலும் அப்படியே, அதற்கடுத்த பக்கத்திலும் அப்படியே. நான்கு வருடத்தில் மிச்சம் அவ்வளவுதான்.

"எதுக்கு அவ்வளவு நாள் விட்டேள்?"

சர்வர் கோளாறு என்று வன்னியராஜ் பஸ்ஸிலேயே ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தார். அது வாய்க்கு வரவில்லை.

"ஆடி மாசம்னு... வீட்டுல சொன்னா." சொன்னதுமே வெட்கமாக இருந்தது. "இல்ல சார். நான்தான் பயந்துட்டேன்."

ராஜமணி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவர் நிஜமாகவே குழம்பிப்போய் இவரைப் பார்த்தார்.

"ஆடி, குடிபோறதுக்கும் கல்யாணத்துக்கும்தானே ஆகாது? கம்ப்யூட்டருக்கு எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கு? என்னோடதை ஆடி மூணாம் தேதியே மாத்தியாச்சே. அன்னிக்குக் கரண்ட் போகலை, நான் பாத்த நல்ல நாள் அவ்வளவுதான்."