நல்லூரில் எவடம்

அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் மோர்னிங்சைட் அப்பார்ட்மென்ரில் இருந்தவர்கள்: அப்பா அமிர்தநாதர், அக்கா அன்ரனெற், அவளைக் கட்ட விரும்பிய அன்புராசா, அவனைக் கனடாவுக்கு எடுத்துவிட்ட மாமா பத்மநாதன், பாண் பக்டரியில் இரவு வேலை முடித்து உடுப்பு மாற்றாமல் குந்தியிருந்த நான். மாமா ஓமென்றால் கல்யாணம். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள் என்பதை அவர் ஒருமாதிரி விழுங்கிவிட்டதாக அன்புராசா சொல்லியிருந்தான்.

“தம்பி என்ன படிக்கிறீர்?”

“விட்டிட்டன் அங்கிள்.”

“ஏன்?”

“நித்திரை வந்தது.”

பத்மநாதன் சிரித்தார். ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தபடி அப்பாவிடம் திரும்பினார்.

“நல்லூரிலை எவடம்?”

எங்கள் ஆட்கள் இந்தக் கேள்வியை வழி தெரிந்துகொள்ளக் கேட்பதில்லை. எந்தத் தெரு, எந்த ஒழுங்கை என்று சொன்னால் சாதி தெரிந்துவிடும்.

“மந்திரிமனையடி,” என்றார் அப்பா.

“முன்னாலையோ?”

“கொஞ்சம் தள்ளி. சங்கிலித்தோப்புப் பக்கம்.”

“அப்ப ராசாவின்ரை வளவுக்கையோ இருந்தனியள்?”

அப்பா ரோல்ஸ் தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டார். அந்தத் தோப்பில் அரண்மனை வைத்திருந்த ராசாவைப் பறங்கியர், போர்த்துக்கேயர், முடித்து முந்நூறு வருடங்களுக்கு மேல். சேர்ச் கட்டி, எங்கள் முன்னோரின் தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்தார்கள். பெயர் மாறியது, ஒழுங்கை மாறவில்லை. போன வருடம் ஆமி வர, ஊர்ச்சனம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அந்த ஒழுங்கையும் காலியானது. ஆனாலும் அது இந்தப் பதினாலாம் மாடிவரை ஏறி வந்திருந்தது.

அக்கா தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தாள்.

“சேர்ச்சுக்குப் பின்னாலை அங்கிள். ஒழுங்கையிலை கடைசி வீடு. அப்பா மறந்திட்டார்.”

பத்மநாதன் கடித்த ரோல்ஸின் மீதியைத் தட்டில் வைத்தார்.

“அஜக்ஸிலை ஒரு வீடு பாக்கப் போகவேணும்,” என்று எழும்பினார். தேத்தண்ணியைத் தொடவில்லை.

அன்புராசாவும் எழும்பினான். வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான்.

“மாமா லிஃப்ற்றடியிலை நிக்கிறார்,” என்றாள் அக்கா.

“நான் அவரோடை கதைக்கிறன் அன்ரனெற்.”

“இஞ்சை வைச்சுக் கதைச்சிருக்கலாம்.”

அவன் வெளியே போனான். அக்கா கதவைச் சாத்தினாள். கதவின் அடியில் கொரிடோர் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. அதன் நடுவில் இரண்டு சப்பாத்துகளின் நிழல். லிஃப்ற் மணி அடித்தது. நிழல் அசையவில்லை. அப்பா அதைக் கண்டு அக்காவைப் பார்த்தார். அவளும் குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பூட்டைத் திருப்பிக் கதவைப் பூட்டினாள்.