வீரம்மாவின் விதைகள் முளைத்த இடங்கள்

1955ஆம் ஆண்டு ஐப்பசியில் வீரம்மா லயத்துக்குப் பின்னால் விதைத்த முள்ளங்கி, நான்காம் நாள் காலையில் பக்கத்து வீட்டு அலோசியஸின் தோட்டத்தில் முளைத்தது. இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு குச்சி வேலி இருந்தது. வேலியில் எந்த ஓட்டையும் இல்லை. வீரம்மாவுக்கு இடது கால் சற்று இழுக்கும். அதனால் அவள் விதைக்கும் மூன்றாவது வரிசை எப்போதும் பாதியில் இடப்பக்கம் வளைந்து போகும். அலோசியஸின் தோட்டத்திலும் மூன்றாவது வரிசை பாதியில் இடப்பக்கம் வளைந்திருந்தது. அந்த வாரம் ஹட்டன் சந்தையில் கோவா என்கிற முட்டைக்கோஸின் விலை இறங்கியிருந்தது. லயத்தில் பாதிப் பேர் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாமிக்கல் தேயிலைத் தோட்டம் ஹட்டனிலிருந்து எட்டு மைல் உள்ளே இருக்கிறது. அதன் ஆறாம் லயத்தில், ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளின் வரிசையில், கடைசிக் காம்பரா வீரம்மாவுடையது. அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்தெடுத்து, புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் ஒன்பதாம் நம்பர் மலையின் ஓரத்தில் புதைத்தவள் அவள். ஆடி மழையும் காற்றும் ஓய்ந்து புரட்டாசி பிறந்ததும் மண்ணெண்ணெய்த் தகரத்தை நீளவாக்கில் வெட்டி, சலித்த மண்ணை நிரப்பி, கோவா விதையைத் தூவி, மானாப்புல்லால் மூடி வைப்பாள். நாற்று ஐந்து இலை விட்டதும் பாத்திக்கு மாறும். கேரட் விதையை ஆற்று மணலில் கலந்து விதைப்பாள், நெருங்கி விழாமல் இருக்க. முள்ளங்கியிலும் மொச்சையிலும் நல்லதாக இரண்டு செடிகளைப் பறிக்காமல் முற்றவிட்டு, அடுத்த வருடத்துக்கு விதை எடுத்துச் சாம்பலில் புரட்டி வைப்பாள். கேரட் பிடுங்குகிற நாட்களில், காலையில் பேர் பதிகிற பெரட்டுக் களத்துக்கு அவள் மண் அப்பிய விரல்களோடு வருவாள். கணக்கப்பிள்ளை ஒன்றும் சொல்லமாட்டார். அவர் வீட்டுக்கும் கேரட் போகும்.

1950 தை மாதத்துப் பனியில் மொச்சை முழுவதும் கருகி, விதைக்குக்கூட ஒன்று மிஞ்சவில்லை. வீரம்மாவின் தங்கச்சி நாகலெட்சுமி இந்தியாவில் துறையூர் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளிடம் விதை கேட்டுக் கடிதம் போடலாம் என்று வீரம்மா அலோசியஸிடம் போனாள். தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டிகளுக்கு நம்பர் எழுதுகிறவன் அவன். கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்பதால் லயத்துக் கடிதங்கள் எல்லாம் அவன் கையால்தான் போகும். யார் என்ன சொன்னாலும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரியை அவனாகவே சேர்ப்பான்: ‘கூடிய சீக்கிரம் ஊருக்கு வந்து உங்களையெல்லாம் கண்ணாரக் காண்போம்.’ கப்பலையே பார்த்திராதவர்களின் கடிதங்களிலும் அந்த வரி இருக்கும். அது இல்லாமல் முடிக்கிற கடிதம் வாசலில் நிற்கவைத்துப் பேசி அனுப்பியது போலாகும் என்பது அவன் எண்ணம். வீரம்மா கேட்டது மொச்சை விதை மட்டும்தான். ஒரு மாதம் கழித்து, துணியில் வைத்துத் தைத்த விதைகள் உறைக்குள் வந்தன. லயத்து வழக்கப்படி அடுத்த காம்பராவுக்கு ஒரு கை கொடுத்த பிறகே அவள் தன் பாத்தியில் ஊன்றினாள். அடுத்த காம்பரா அலோசியஸுடையது.

இந்த நாட்டுப் பிரஜையாக இருப்பதற்குத் தோட்டத்துச் சனங்கள் மனுக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது வீரம்மாவுக்கும் அலோசியஸே மனு எழுதினான். விசாரணைக்கு நாள் வர மூன்று வருடம் ஆயிற்று. நிரந்தரமாகக் குடியிருப்பதற்கு அத்தாட்சி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் தோட்டத்துப் பேர்த் துண்டும் பிறப்புப் பதிவும் கொண்டுபோனார்கள். வீரம்மா அவற்றோடு, மண்ணைக் கழுவாமல் ஒரு கூடை கேரட்டும் நோக்கோலும் சுமந்து போனாள். அதிகாரி கூடையைப் பார்த்துவிட்டு ஓரமாக வைக்கச் சொன்னார். திரும்பும்போது கூடை மட்டும்தான் கிடைத்தது. சாட்சியாகப் போன அலோசியஸை உள்ளே தனியாக அழைத்து, இவள் எப்போதாவது இந்தியாவுக்குத் திரும்பிப் போவதாகச் சொன்னதுண்டா என்று கேட்டார்கள். மேசையின் மேல் அடுத்ததாக இருந்தது அவனுடைய மனு. “ஊருக்குப் போட்ட காயிதத்துல எழுதியிருக்குங்க, ஐயா” என்றான் அலோசியஸ். யார் எழுதியது என்று அவர்கள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

1955 சித்திரையில் அவனுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. அவன் மனைவி இராசம்மா அதைக் கண்ணாடி போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். வீரம்மாவும் போய்ப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள். புரட்டாசியில் வீரம்மாவின் மனுவுக்கு வந்த பதிலையும் அலோசியஸே வாசித்தான். நான்கு வரிகளில் ஒன்றை மட்டும் வாசித்து, “இல்லைன்னு போட்டிருக்குக்கா” என்று மடித்துக் கொடுத்தான். ஐப்பசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் முத்துலிங்கம் வாத்தியார் மற்ற மூன்று வரிகளையும் வாசித்தார். உறவினருக்கு எழுதிய கடிதத்தில் திரும்பி வருவதாக மனுதாரர் கூறியிருப்பதால் மனு நிராகரிக்கப்படுகிறது என்று அதில் இருந்தது.

அன்று மாலை வேலிக்கு இப்பால் நின்று வீரம்மா அவனைக் கூப்பிட்டாள். அவன் நோக்கோலுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான்.

“ஊருக்கு வாறேன்னு நான் எப்ப தம்பி உங்கிட்ட சொன்னேன்?”

“எல்லாருக்கும் போடுறதுதானேக்கா. சும்மா ஒரு மரியாதைக்கு.”

“அதை அவங்ககிட்ட சொன்னியா?”

அவன் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைக் காலால் தள்ளினான். “அடுத்த நம்பர் என்னோடதுக்கா” என்றான்.

வீரம்மா உள்ளே போய் முள்ளங்கி விதையை எடுத்துவந்து, பொழுது இருக்கும்போதே மூன்று வரிசை விதைத்தாள். அதற்குப் பிறகு அவனைத் தம்பி என்று அவள் அழைக்கவில்லை.

முள்ளங்கிக்குப் பின்னால் கேரட்டும் கொத்தமல்லியும் வேலி தாண்டின. வீரம்மா மஞ்சள் பூசி விதைத்துப் பார்த்தாள். அவன் பக்கம் வந்த முளைகளின் அடியில் மஞ்சள் தோல் ஒட்டியிருந்தது. கோவா விதையை அவள் தகரத்தில் போட்டால், அவன் வீட்டுக் கைகழுவும் தகரத்தில் முளைத்தது. கங்காணி செல்லசாமி எலி தூக்கிப்போகிறது என்றார். துரை குதிரையில் வந்து பார்த்துவிட்டு, தேயிலைச் செடி அப்படிப் போகாதவரை தனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிப் போனார். முளைத்த மண்ணுக்குத்தான் காய் என்பது லயத்து வழக்கம், ஆகவே விளைச்சல் அலோசியஸுடையது ஆயிற்று. முதல் கேரட்டுகளை இராசம்மா முந்தானையில் கட்டி எடுத்துவந்தாள்.

“எங்க வூட்டுல முளைச்சாலும் ஒங்க கைதானேக்கா” என்றாள்.

“காயிதம் யாருக்கு இருக்கோ அவுங்க திங்கட்டும்” என்று வீரம்மா கதவைச் சாத்தினாள்.

இராசம்மா அதன் பிறகு புருஷனுக்குச் சோறு வைத்தாள், பேச்சு வைக்கவில்லை. அலோசியஸ் அந்தக் காய்களைத் தின்னவில்லை, விற்கவுமில்லை. களை பிடுங்கி, சாம்பல் போட்டு, விளைந்ததை லயம் முழுவதும் பங்கு வைத்தான். இரண்டு முள்ளங்கிச் செடியை முற்றவிட்டு, விதையைப் பொட்டலம் கட்டி வீரம்மாவின் வாசலில் வைத்துவிட்டுப் போவான். அதை மட்டும் அவள் எடுத்துக்கொள்வாள், அது தன்னுடையது என்பதால். கடிதங்களில் அந்தக் கடைசி வரியை அவன் நிறுத்திவிட்டான். கடிதம் மொட்டையாக இருக்கிறதென்று சிலர் கோபித்துக்கொண்டு ஹட்டனுக்குப் போய் எழுதிக்கொண்டார்கள். இப்படி ஒன்பது ஐப்பசி போயிற்று. அந்த லயத்தில் அதற்குள் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், விதைப்பது ஒரு வீட்டிலும் முளைப்பது அடுத்த வீட்டிலும் என்பதே முறை என்று நினைத்திருந்தார்கள்.

1964 ஐப்பசியில் இந்த நாட்டு அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் இந்தியாவுக்கு என்று தொகை மட்டும் தெரிந்தது. பெயர்ப் பட்டியல் எதுவும் வரவில்லை. அதே வாரம் வீரம்மா முள்ளங்கி, கேரட், லீக்ஸ் விதைத்தாள். நான்காம் நாள் அலோசியஸ் தன் பாத்தியைப் பார்த்தான். ஒன்றும் இல்லை. பத்தாம் நாள் முழங்கால் போட்டு மண்ணை விரலால் கிளறினான். முதல் தடவையாக வேலிக்கு மேலே எட்டி அவளுடைய பாத்தியையும் பார்த்தான். அங்கேயும் வெறும் மண்ணாகக் கிடந்தது.

மார்கழியில் நாகலெட்சுமியின் கடிதம் வந்தது. ஒன்பது வருடமாக வாத்தியாரைத் தேடி ஹட்டனுக்கு நடந்த வீரம்மா அன்று வேலியோரமாகப் போய்க் கடிதத்தை நீட்டினாள். அலோசியஸ் எல்லா வரிகளையும் வாசித்தான். சோளம் மட்டுமே விளைகிற கொல்லையில் யாரும் விதைக்காமல் செடிகள் வந்திருக்கின்றன. வெங்காயம் என்று நினைத்துப் பிடுங்கினால் வெள்ளைத் தண்டு விரல் நீளம் வருகிறது, அதற்குப் பெயர் என்ன. மூன்றாவது வரிசை மட்டும் பாதியில் வளைந்திருக்கிறது, உன் ஞாபகம் வந்தது.

வீரம்மா வேலிக் குச்சியைப் பிடித்துக்கொண்டு, புருஷனும் பிள்ளைகளும் கிடக்கிற ஒன்பதாம் நம்பர் மலையைப் பார்த்தாள். பிறகு பதில் எழுதச் சொன்னாள். அதன் பெயர் லீக்ஸ். கேரட்டை நாலு விரல் விட்டுக் களைந்துவிட வேண்டும். அந்த வெயிலுக்கு மேலே ஓலை போட வேண்டும். சாம்பல் போட மறக்கக் கூடாது.

அலோசியஸ் எழுதி முடித்துப் பேனாவை எடுக்காமல் இருந்தான். “கடைசியில என்னக்கா போட?” என்றான்.

“ஒன்னோட வரியைப் போடு” என்றாள் வீரம்மா. “இப்ப பொய்யில்லையே.”

அவன் கையெழுத்து முதல் தடவையாகக் கோணியது.

இந்தியாவுக்குப் போகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் வருவதற்கு முன் இன்னும் சில மழைகள் இருந்தன. வீரம்மா ஒவ்வொரு மாலையும் பீலியில் விழுகிற தண்ணீரை இரண்டு வாளி பிடித்துவந்து வெறும் பாத்திக்கு ஊற்றினாள். 1965இல் துறையூர்ப் பக்கம் மழை பொய்த்தது. கிணறு வற்றிவிட்டதென்றும், கொல்லையில் அந்த மூன்று வரிசை மண் மட்டும் காலையில் ஈரமாக இருக்கிறதென்றும், கேரட் நன்றாக இனிக்கிறதென்றும் நாகலெட்சுமி எழுதியிருந்தாள்.