எதிர்ப்படக் கூடாதவள்

தமயந்தி ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது மாமியார் சந்திரம்மா எதிரே வந்து நின்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. குரல் இனிப்பாக இருந்தது.

"இன்னைக்கு ஓட்டம் வேணாம்மா."

"ரெண்டு மாசமா சொல்லிக்கினு இருக்கேனே அத்தை. ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்கறது இன்னைக்குத்தான்."

"சிந்துவுக்கு நிச்சயமும் இன்னைக்குத்தான்."

கல்யாணத்துக்கு முன் ஐயாயிரம் மீட்டரில் கல்லூரிகளையெல்லாம் ஜெயித்தவள் தமயந்தி. புகுந்த வீட்டில் ஆறு வருஷம் ஓடவில்லை. குழந்தையும் பிறக்கவில்லை. இருபத்தெட்டு வயதில், விடியுமுன் அல்சூர் ஏரியைச் சுற்றி மறுபடி ஓட ஆரம்பித்ததும், அவர்கள் குடியிருந்த மர்பி டவுன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது: ஓடி ஓடித்தான் கரு தங்கவில்லை. ஓடாத ஆறு வருஷத்தை யாரும் கேட்கவில்லை.

இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் காலில் தெம்பு இருக்குமா என்பது சந்தேகம். இருந்தாலும் நாத்தனாரின் நிச்சயம். அவள் நாடாவை அவிழ்க்கப் போனாள்.

"சரி அத்தை, போகல. ஆரத்தி நான் கரைக்கட்டுமா?"

"அய்யே, நீ முன்னால வராத. அவங்க போறவரைக்கும் பின்ரூம்ல இரு."

"வீட்ல நின்னாலும் ஆகாது, வெளிய போனாலும் ஆகாதா?"

"வெளிய போனா எதிர்ல வந்துடுவியே! தட்டு தூக்கிக்கினு வர்றவங்க எதிர்ல பிள்ளை இல்லாதவ வரலாமா?"

கணவன் நாகேஷ் கண்ணாடியைப் பார்த்து மீசையைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். "ஒரு நாள் பேசாம சும்னே உள்ள இரேன். டிவி வேணா அங்க வெச்சிடறேன்."

உள்ளே போனாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

அரிசி மூட்டைக்கும் காஸ் சிலிண்டருக்கும் நடுவே உட்கார்ந்தாள். போயிருந்தாலும் பத்தொன்பது வயதுப் பெண்கள் தாண்டிப் போயிருப்பார்கள். முழங்கால் வேறு வலிக்கிறது. தோற்க வேண்டாம் என்று ஒரு நிம்மதி மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அந்த நிம்மதிதான் அவளைப் பயமுறுத்தியது.

தாழ்ப்பாள் நகர்ந்தது. பட்டுப் புடவையில், பாதி பின்னிய சடையோடு சிந்து.

"போங்க அண்ணி."

"உன் நிச்சயம்டி. எது நடந்தாலும் என் தலையிலதான் விடியும்."

"எனக்கும் பிள்ளை பொறக்கலைன்னா அந்த வீட்ல எந்த ரூம்ல வெப்பாங்களோ. ஜல்தி போங்க, அம்மா வராங்க!"

தமயந்தி வெளியேறினாள். பஸ் போகும் ரோட்டுக்கு வீட்டெதிரே இருந்த குறுகலான சந்து ஒன்றுதான் வழி. பாதி தூரம் போனதும் எதிரே மாப்பிள்ளை வீட்டார் சந்துக்குள் திரும்பினார்கள். பூ, பழம், புடவைத் தட்டுகள். முன்னால் மாப்பிள்ளையின் தாய்.

"நாகேஷ் பொண்டாட்டி," என்று யாரோ கிசுகிசுத்தார்கள். "பிள்ளை இல்லாதவ."

தமயந்தியின் கால் ஒரு கணம் நின்றது.

"தமயந்தி! உள்ள வாடி!" பின்னாலிருந்து சந்திரம்மா அலறினாள். இனிப்பு போய்விட்டிருந்தது.

மாப்பிள்ளையின் தாய் முந்தானையை இழுத்துப் பூத்தட்டை மூடினாள். "ஒதுங்குங்க! அவ நிழல் தட்டுல விழப்போவுது!"

சைக்கிள் ஒன்று வந்தாலும் சண்டை மூளும் சந்து அது. அங்கே பத்துப் பதினைந்து பேர் தட்டுகளை மார்போடு அணைத்து, இரண்டு சுவர்களிலும் ஒட்டிக்கொண்டு, அவளுக்கு வழிவிட்டார்கள்.

தமயந்தி நடுவில் ஓடினாள்.