தலைமையாசிரியர் வாசலில் தொங்கிய மீன்கள்

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி ஒரு மணி நேரம் ஓவிய வகுப்பு. வாரம் ஒரு நாட்டின் கலை. போட்டெமா டீச்சர் கையில் தூரிகை எடுத்தால் அவருக்கு உள்ளூரே மறந்துபோகும். கணக்கு வாத்தியாரான எனக்கு அந்த மணி நேரத்தின் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண்.

தலைமையாசிரியர் அம்பொன்சா கண் ஆபரேஷனுக்காக மனைவியோடு குமாசி நகரத்துக்குப் போகும்போது சொல்லிவிட்டே போனார். "வந்ததும் ஓவியத்தைத் தூக்கிட்டு அந்த நேரத்தைக் கணக்குக்குக் குடுத்துடறேன்."

டீச்சர் அழவில்லை. தலைமையாசிரியர் ஊர் திரும்பும் சனிக்கிழமை வரவேற்பு கொடுத்து மனசை மாற்றிவிடலாம் என்று பார்த்தார். அந்த வாரம் ஜப்பான். அங்கே பிள்ளைகள் நன்றாக வளர வாசலில் துணிமீன்களைப் பறக்க விடுவார்களாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தையல்கடையில் மிஞ்சிய சிவப்புத் துணியில் பன்னிரண்டு மீன் தைத்து, கறுப்பில் செதில் வரைந்து, தலைமையாசிரியர் வீட்டு வாசலில் கட்டிவிட்டு, டீச்சரோடு ஆற்றங்கரைக்குப் பூப்பறிக்கப் போனார்கள்.

காற்று இல்லை. மீன்கள் கந்தல் மாதிரி தொங்கின. எங்கள் ஊரில் வாசலில் சிவப்பும் கறுப்பும் தொங்கினால் அந்த வீட்டில் சாவு, வேறு அர்த்தமே கிடையாது.

ரொட்டி விற்கிற சர்போமா அக்கா முதலில் பார்த்தாள். "ஐயோ, ஆபரேஷன்லயே போயிட்டாரே!" அரை மணி நேரத்தில் நாற்காலிகள் வந்தன, ஊரே கறுப்பில் வந்து உட்கார்ந்தது. நானும் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

அப்போது ஊருக்கு ஊர் ஆள் ஏற்றும் ட்ரோட்ரோ வேனிலிருந்து, ஒற்றைக் கண்ணில் கட்டோடு அம்பொன்சாவும் அவர் மனைவியும் இறங்கினார்கள். தன் வாசலில் சிவப்பைப் பார்த்தும் அம்பொன்சா சாவு வீட்டு முறை தவறவில்லை. வலது கோடியிலிருந்து ஒவ்வொருவராகக் கை குலுக்கிக்கொண்டே வந்தார். குனிந்த தலைகள் நிமிரவில்லை. என்னிடம் வந்து, "யாருப்பா போனது?" என்றார்.

"நீங்கதான் சார்," என்றேன். அப்புறம்தான் முகத்தைப் பார்த்து அலறினேன்.

சர்போமா அக்காவுக்குக் கோபம். "இவ்வளவு நேரம் தங்கமான மனுஷன்னு வாய் வலிக்கச் சொன்னேனே, எல்லாம் வீணாப்போச்சு!"

"எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்," என்றார் அவர் மனைவி.

பூவோடு ஓடிவந்த போட்டெமா டீச்சர் கூட்டத்தைப் பார்த்து, வாசலைப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. பன்னிரண்டு மீன்களும் வாய் பிளந்து உப்பி நீந்தின. "சார், அது மீனு!" என்றாள் மூன்றாம் வகுப்புக் குட்டி பொக்குவா.

அம்பொன்சா ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "இருபத்திரண்டு வருஷமா இந்த ஊர்ல என்னை யாரும் தங்கம்னு சொன்னதில்ல. டீச்சரம்மா, உங்க ஓவியம் இருக்கட்டும். சிவப்பு மட்டும் வேண்டாம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "கணக்கு வாத்தியாரே, நீதான் ரொம்ப அழுதியாமே. எனக்காகவா, அந்த ஒரு மணி நேரத்துக்காகவா?"

"பாதிப் பாதி சார்," என்றேன்.

"சரி," என்றார். "மிச்சப் பாதியையும் இப்பவே அழுது முடிச்சிடு."